கொக்கிக்குக் கீழே

கப்பலில் சாமான் ஏற்றுகிற நாள் என்றால் துறைமுகக் கொட்டகைக்குள் காது கொடுக்க முடியாது. ஆனால் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நடுப்பகலிலும் கொட்டகை இருட்டாக, ஈரவாடையோடு கிடந்தது. ஓர் ஓரத்தில் மஞ்சள் பூசிய புது மிதவை. பக்கத்துத் தொட்டியில் சுருள் சுருளாகக் கயிறு; கடைசி வளையம் தரையில் வழிந்து கிடந்தது.

அவள் கடலாய்வுக் கப்பலில் கருவிப் பொறியாளர். தம்பி அதே கப்பலில் மேல்தளத் தொழிலாளி. அதனால் கப்பலில் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

கடலை அளக்கும் மிதவையை முதலில் இறக்குவார்கள். பிறகு கிலோமீட்டர் கணக்கில் கயிறு. கடைசியில் நங்கூரம். தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் யாருடைய கால் இருந்தாலும், பார்த்தவர் "காலு!" என்று கத்தியே ஆகவேண்டும். போன பயணத்தில் யாரும் பார்க்கவில்லை. கப்பல் குறித்த இடத்தைவிட்டு நகர்கிறதே என்று தலைமை விஞ்ஞானி குதித்தார். "போடு, போடு!" போட்டார்கள். கயிறு தம்பியைக் கடலுக்குள் இழுத்துப்போனது. அவன் கத்தக்கூட இல்லை.

மறுநாளே மிதவை பிசகில்லாமல் தகவல் அனுப்பியதைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் டேட்டா சார்.

"எப்போடி அவனைக் கொண்டுவரப் போறே?" என்று அம்மா தினமும் கேட்பாள். இந்தப் பயணத்தில், என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

நங்கூரத்துக்கு மேலே ஒரு கொக்கி உண்டு. கப்பலிலிருந்து ஒலி அனுப்பினால் திறந்துகொள்ளும். நங்கூரம் அடியிலேயே தங்க, மற்றதெல்லாம் மிதந்து வந்துவிடும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று கேட்டால் பதிலும் சொல்லும். அவள் புதுக் கொக்கியைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கிவிட்டு, ஒலி அனுப்பும் பெட்டியில் தூரம் கேட்கும் பொத்தானை அழுத்தினாள். ஒரு மீட்டர் என்று வரவேண்டும்.

மூவாயிரத்து இருநூறு என்று வந்தது.

தம்பி கிடக்கும் ஆழம் அது. அவளுக்கு மனப்பாடம்.

பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடி அழுத்தினாள். இரண்டாயிரம்.

தண்ணீரில் விரலை வைத்தாள். பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. எங்கிருந்தோ சேற்று நாற்றம் கிளம்பியது.

"என்னம்மா, முடிஞ்சுதா? நாளைக்குக் கிளம்பணும்." டேட்டா சார் வந்து நின்றார்.

"சார், இந்தத் தடவை பழைய மிதவையை எடுத்துடலாம் சார். அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியல."

"பழசும் புதுசும் சேர்ந்து ஓடினாத்தான் ஒப்பிட முடியும். இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதோட, அவன் மாட்டினது கொக்கிக்குக் கீழே இருக்கிற கயித்துல. மிதவையை எடுத்தாலும் அவன் நங்கூரத்தோட அங்கேயேதான். உனக்குத் தெரியாதா என்ன?"

தெரியும். அம்மாவிடம் சொல்ல நாக்கு எழாத ஒரே விஷயம் அதுதான். அதை இந்த மனுஷன் மழை வரும் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டார்.

பெட்டி 'டிக்' என்றது. நூறு.

நாற்பது.

பத்து.

"கருவிக் கோளாறு," என்று அவர் பெட்டியைப் பார்க்கக் குனிந்தார்.

தொட்டியிலிருந்த கயிறு தானாக நழுவி, இடுப்புயர டிரம்முக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு இறங்கியும் டிரம் நிறையவில்லை. தரையில் மிஞ்சியது கடைசி வளையம். அதற்குள் அவருடைய ஷூ.

வளையம் சுருங்கியது.

அவள் பார்த்துவிட்டாள். பேசாமல் இரேன், பேசாமல் இரேன் என்று நெஞ்சு கெஞ்சியது. வாய் கேட்கவில்லை.

"சார், காலு!"

அவர் துள்ளி விலகி விழுந்தார். வெறும் வளையம் விருட்டென்று டிரம்முக்குள் போய் மறைந்தது.

ஒருவரை இறக்கி ஒருவரை ஏற்ற வந்த கயிறு அது. கத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய்த் தோள்வரை கையை விட்டாள். அடி தட்டுப்படவில்லை.

விரல்கள் தட்டுப்பட்டன.

சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அவன் பிடித்துக்கொள்ளும் அதே பிடி.

"அக்கா... விட்டுடாதேக்கா."

ஒவ்வொரு விரலாக நழுவியது.

பெட்டி எண்ணிக்கொண்டே போனது. நாற்பது. நூறு. இரண்டாயிரம்.

டேட்டா சார் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். "வேற கயிறு இருக்குல்ல, மாத்திடு. யார்கிட்டேயும் சொல்லாதே, பயணம் நின்னுடும்." நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. போய்விட்டார்.

அவள் டிரம்மைச் சாய்த்தாள். தண்ணீர் ஓடி வடிந்தது. அடியில் கொக்கி மட்டும் கிடந்தது, கயிற்றைக் காணோம். பெட்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தாள். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுடி. கொண்டுவந்துடுவேல்ல?"

"முடியாதும்மா. கைக்கு வந்தான். நான்தான் அவனை விட்டுட்டேன்."



பேட்டரி இல்லாத பெட்டி 'டிக்' என்றது. மூவாயிரத்து இருநூறு.

எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று அவள் கேட்டிருக்கவில்லை.