கயிற்றின் கடைசி நுனி

நவம்பர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில், காட்டின் ஓரத்திலுள்ள இயற்கைக் கல்வி முகாமிலிருந்து எட்டுப் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரே கயிற்றைப் பிடித்தபடி காட்டுப் பாதையில் நடந்தார்கள்.

முன்னால் டீச்சர் நடந்தாள். கண்கட்டு நடை அவளே உருவாக்கிய பாடம். கண்ணை மூடினால்தான் காதும் மூக்கும் வேலை செய்யும் என்பது அவள் கட்சி. அவளை வேலைக்கு வைத்திருந்த தொண்டு நிறுவனமும் ஆண்டறிக்கையில் அந்த நடையைத்தான் முதலில் போடும். விதிகள் கொஞ்சம்தான். யாரும் பேசக் கூடாது. டீச்சர் சொல்லும்வரை கயிற்றை விடக் கூடாது. அவள் ஒருமுறை இழுப்பாள். அது கைமாறிக் கைமாறிக் கடைசிவரை போகும். கண்ணைக் கட்டாமல் கடைசியில் வரும் வேன் டிரைவர் பதிலுக்கு ஒருமுறை இழுப்பார். எல்லாரும் வந்தாச்சு என்று அர்த்தம்.

அன்று, அவள் இழுப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

டிரைவர் வந்து சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். புறப்படும்போது அவர் இல்லை. “லைட்டை அணைக்காம வந்துட்டேன் டீச்சர். நீங்க நடங்க, ஓடி வந்துர்றேன்” என்று வேனைப் பார்க்கத் திரும்பியிருந்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் அவள் காத்திருக்கவில்லை.

பிள்ளைகளில் கடைசியாக வந்தது அவளுடைய அக்கா மகள். டிரைவர் மாமாவுக்குப் பக்கத்தில்தான் நடப்பேன் என்று அடம்பிடித்து அந்த இடத்தை வாங்கியிருந்தாள். “புலி வந்தா முதல்ல என்னைத்தான் தின்னணும் தங்கம். இந்தத் தொப்பையை முடிக்கவே அதுக்கு ரெண்டு நாளாகும்” என்று அவர் வயிற்றைத் தட்டிக் காட்டியதில் அவளுக்கு ஏகச் சிரிப்பு.

“அவளுக்கு இருட்டுன்னாலே ஆகாது. உன் பாடத்தையெல்லாம் என் பிள்ளைகிட்ட வச்சுக்காத” என்று அக்கா சொல்லித்தான் அனுப்பினாள்.

“பொத்திப் பொத்தி வளர்த்தா அப்படித்தான் இருப்பா. பத்திரமா கொண்டுவந்து விடுறேன், போதுமா?”

முகாமுக்கே திரும்பி வந்து சேரும் அந்தப் பாதை வளைந்து வளைந்து போனது. இரு பக்கமும் மரங்களின் அடியிலிருந்து பனி கிளம்பி இடுப்பளவுக்கு வந்து, பின்னால் போகப்போக அடர்ந்து நின்றதில், திரும்பிப் பார்த்தால் முதல் மூன்று பிள்ளைகளின் தலைகள் மட்டுமே தெரிந்தன. அதற்குப் பின்னால் கயிறு வெள்ளைக்குள் போய் மறைந்தது. சருகுகள் மிதிபடும் ஓசை, ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சும் ஓசை, எங்கோ ஒரு பறவை கூட்டுக்குள் நகர்ந்து உட்காரும் ஓசை. வழுக்காமலிருக்க அவள் தன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டிருந்த கயிறு மெல்ல மெல்ல ஈரமாகிக்கொண்டு வந்தது. மழை பெய்து வாரமாகியிருந்தது. ஆனாலும் கயிற்றில் கிணற்றடிச் சேற்றின் வாடை அடித்தது.

அவள் இழுத்தாள். பதில் வந்தது. வெடுக்கென்று இழுப்பது டிரைவரின் வழக்கம். இது நிதானமாக, ஒரு பிடி கயிற்றையே தன் பக்கம் சேர்த்துக்கொள்வதுபோல வந்தது.

“சித்தி.”

பனிக்குள்ளிருந்து, அடங்கிய குரல்.

“பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல.”

“இல்ல சித்தி, மாமா...”

“வாயை மூடிட்டு நட. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை கொடுத்ததாக மற்ற பிள்ளைகள் நினைக்கக் கூடாது.

கடைசி வளைவு திரும்பியதும் முகாமின் கேட் தெரிந்தது. வேனின் பின்கதவு திறந்திருந்தது. முன்பக்கத்தில் பானெட்டைத் தூக்கிவைத்து, கைவிளக்கை வாயில் கவ்வியபடி டிரைவர் குனிந்துகொண்டிருந்தார்.

அவள் கால்கள் தாமாக நின்றன. முதல் பிள்ளை முதுகில் வந்து மோதினான்.

“அண்ணே, நீங்க பின்னாடி வரலையா?”

அவர் விளக்கை வாயிலிருந்து எடுத்தார். “பேட்டரி இறங்கிப்போச்சு டீச்சர். இப்பத்தான் உயிர் வந்துச்சு. நீங்க போயிட்டீங்களேன்னு இங்கேயே நின்னுட்டேன். ஏன், என்னாச்சு?”

கயிறு இழுபட்டது.

கத்தினால் பிள்ளைகள் சிதறி ஓடும். பனியில், கண் கட்டோடு. அவள் கத்தவில்லை. “பாடம் முடிஞ்சுது. கட்டை அவிழ்த்துட்டு வேன்ல ஏறுங்க. வேகமா” என்றாள். ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டு ஓடினார்கள். பனி ஒவ்வொருவரையாக வெளியே விட்டது. கடைசியில் சின்னவள். கண் கட்டு அப்படியே. இரண்டு கையிலும் கயிறு.

வாரித் தூக்கினாள். ஓடினாள். பின்கதவு வழியாக உள்ளே ஏறி, கதவை இழுத்துச் சாத்தினாள்.

“அண்ணே, எடுங்க.”

அவர் பானெட்டைச் சாத்திவிட்டு ஏறினார். வேன் கிளம்பியது. பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவன் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டான். அவள் மணிக்கட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் இறுகியிருந்தது. நகம் ஏறவில்லை.

“கயிற்றை விடும்மா.”

“எல்லாரும் வர்ற வரைக்கும் பிடிச்சுக்கணும்ல சித்தி?”

“எல்லாரும் வந்தாச்சு. விடு.”

சின்னவள் இரண்டு கையையும் விரித்தாள்.

கயிறு கீழே விழவில்லை. டீச்சரின் மணிக்கட்டிலிருந்து பின்கதவின் இடுக்குவரை நேராக, விறைப்பாக நின்றது. கண்ணாடிக்கு வெளியே சாலையும் பனியும். பனிக்குள் கயிறு, நடக்கிற ஒருவரின் கை உயரத்தில்.

டிரைவர் மூன்றாவது கியருக்கு மாற்றினார். பிறகு நான்காவது.

கயிறு தளரவில்லை.

பின்னாலிருந்து, நிதானமாக, ஒருமுறை இழுபட்டது.