இறங்காத ஷட்டர்

காலையில் எழுந்ததும் ஆன்றோ செய்கிற முதல் வேலை, மனைவி ஷெர்லினின் போனை சார்ஜரில் போடுவது.

ஷெர்லின் செத்துப் பத்து மாதம் ஆகிறது. கொரோனாவின் இரண்டாவது அலை. போன் மட்டும் உயிரோடு இருக்கிறது. கேஸ் சிலிண்டருக்கு ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும்.

பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். முந்தின நாள் சட்டையையே மாட்டினான். ராயபுரத்திலிருந்து பைக்கைக் கிளப்பி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து திருவொற்றியூருக்குப் போனான்.

வழக்கமான காலைதான்.

பிணம் மட்டும்தான் புதுசு.

ஆன்றோவின் வேலை, பேங்க் கொடுத்த கடனைப் போய்ப் பார்ப்பது. கொரோனாவில் படுத்துவிட்ட சின்னச் சின்னத் தொழில்கள் எழுந்து உட்கார, அரசாங்கம் ஜாமீன் நின்று அடமானமே இல்லாமல் கடன் கொடுக்க வைத்தது. வாங்கின ஆள் நிஜமாகவே தொழில் நடத்துகிறாரா, மெஷின் ஓடுகிறதா... போய்ப் பார்த்து போட்டோ எடுத்து அனுப்பவேண்டும். ஓடினால் சரி. பூட்டிக் கிடந்தால் கேஸ்.

அன்றைக்கு அவன் பார்க்கவேண்டியது ஒரே ஒரு லேத் இருக்கும் பட்டறை. எண்ணூர் கம்பெனிகளுக்கு போல்ட் கடைந்து கொடுத்த இடம். ஓனர் ரோஸ்மேரி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் போனபிறகு தனியாளாக நடத்தியவள்.

ஆன்றோ போய் இறங்கியபோது பட்டறை ஷட்டர் முழுசாக இறங்கியிருந்தது. தெரு முழுக்க ரோஜா இதழ், பட்டாசுக் குப்பை. சற்றுமுன்தான் ஒரு சாவு ஊர்வலம் போயிருக்கிறது. சுடுகாட்டுப் பக்கம் மேளச் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது.

கையில் ஆயில் கேனோடு ஒருவர் ஓடிவந்தார். சின்னப்பையன். பெயர்தான் அப்படி. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பட்டறையின் லேத் ஆபரேட்டர்.

"பேங்க்கு சாரா? வா சார். அம்மா உள்ளதான் கீறாங்க."

ஷட்டரைத் தூக்கினார்.

அம்மா உள்ளேதான் இருந்தாள்.

லேத்துக்கு அடியில், குப்புற. பின்மண்டையிலிருந்து ரத்தம் சிமெண்டுத் தரையில் ஓடி நின்றிருந்தது. பக்கத்தில் ஓர் இரும்பு ராடு.

சின்னப்பையன் கையிலிருந்து கேன் விழுந்து உருண்டது. ஆன்றோ குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. எழுந்து போலீஸுக்கு போன் போட்டான். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு அதுவும் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு எதிர்ச்சாரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜெபசிங் ஓடிவந்தான். ரோஸ்மேரியின் கூடப் பிறந்த தம்பி. அக்காவைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டு பட்டறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் ஜஹாங்கீர் வந்து சேர்ந்ததும் முதலில் வாயைத் திறந்தவனும் அவன்தான்.

"கடையில சேர்லதான் சார் உக்காந்திருந்தேன். ஊர்வலம் போய்ட்டிருந்தது. இந்தாள் பட்டறைக்குள்ள நுழையறதைப் பாத்தேன். 'சின்னப்பையா, வேண்டாம்'னு அக்கா கத்தினா. அவ கடைசியாச் சொன்னது அதுதான் சார்."

ஏன் ஓடிப் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டார் ஜஹாங்கீர். எப்போதும் நடக்கிற சண்டைதானே என்று இருந்துவிட்டானாம். ஊரடங்குக் காலத்துச் சம்பளத்தைக் கேட்டுச் சின்னப்பையன் போன வாரம் நடுத்தெருவில் நின்று கத்தியது உண்மை. தெருவே அதற்குச் சாட்சி.

"சம்பளம் கேட்டேன் சார். உசுர கேக்கல" என்றார் சின்னப்பையன். "நான் ஆயிலு வாங்க போயிகினு இருந்தேன்."

ஆயில் கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வந்தது நிஜம், ஆனால் ஊர்வலத்துக்கு முன்பா பின்பா என்று நினைவில்லை என்றார் அவர். பிணம் போகும்போது ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாராம்.

ஜஹாங்கீருக்கு அது போதும். சின்னப்பையனை ஜீப்பில் ஏற்றி உட்கார வைத்தார்கள்.

செய்தி கேட்டு அவர் பெண்சாதி பச்சையம்மா ஓடிவந்தாள். அழவில்லை. போலீஸிடம் போகவில்லை. நேராக ஆன்றோ முன்னால் வந்து நின்றாள்.

"நீதான சார் கூட இருந்த? ஒரு வார்த்த சொல்லு. புழல் ஜெயில்ல கொண்டுபோய் போட்டா, அந்தாள வெளிய எடுக்க எங்களுக்கு நாதி இல்ல."

தான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, எதையும் பார்க்கவில்லை என்றான் ஆன்றோ. அதுதான் உண்மையும்.

பச்சையம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்லாவுல குந்திகினு இருந்தவன் பாத்தேன்றான். பாக்கறதுக்குன்னே சம்பளம் வாங்குற நீ பாக்கலன்ற. நல்லா கீது சார் உன் வேல."

ஆன்றோவுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. அவள் சொன்னது சரி என்று மட்டும் பட்டது.

எனவே பார்த்தான்.

பெயிண்ட் கடை. செல்போன் ரிப்பேர் கடை. பிரியாணிக் கடை. இப்போது எல்லாம் திறந்திருந்தன. ஆனால் எல்லாக் கடை வாசலிலும் ரோஜா இதழ்கள் ஒரே நேர்கோட்டில் ஒதுங்கிக் கிடந்தன. ஷட்டர் இறங்கும் இடம் அது. அதைத் தாண்டி ஓர் இதழ்கூட உள்ளே போகவில்லை.

ஜெபசிங்கின் கடையைப் பார்த்தான்.

நின்றான்.

போனை எடுத்து போட்டோ எடுத்தான். பிறகு ஜஹாங்கீரைக் கூப்பிட்டான்.

"இன்னா பேங்க்கு சார், லோன் விட்டுட்டு துப்பறியக் கெளம்பிட்டியா?"

"இந்தத் தெருவில பொணம் போனா எல்லாரும் ஷட்டரை இறக்குவாங்களா சார்?"

"எவன் இறக்காம இருப்பான்? இறக்கலைன்னா கடைக்குள்ளயே பூ வந்து வுழும். வியாபாரம் நடக்கிற எடத்துல சாவு வூட்டுப் பூவு... எவனுக்குப் புடிக்கும்?"

"இங்க விழுந்திருக்கு."

ஜஹாங்கீர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். ஆணிப் பெட்டி மேல் இதழ். பி.வி.சி. பைப் மேல் இதழ். கல்லா மேல் இதழ்.

"தெருவே இறக்கியிருக்கு. இந்த ஒரு கடையில மட்டும் இறக்க ஆள் இல்லை" என்றான் ஆன்றோ. "சேரைப் பாருங்க."

கல்லாவுக்குப் பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. உட்காரும் பலகையில் ஏழெட்டு இதழ்கள். ஒன்றுகூட நசுங்கவில்லை.

ஜஹாங்கீர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். தெருவைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கூப்பிட்டார்.

"ஜெபசிங் சார், இப்படி வாங்க. உங்க சேர்ல கொஞ்சம் உக்காந்து காட்டுங்க."

ஜெபசிங் வந்தான். நாற்காலியைப் பார்த்தான்.

உட்காரவில்லை. அப்படியே தரையில் சரிந்தான்.

மீதியை அவனே சொன்னான். மூடிக்கிடந்த பட்டறை பெயரில் நிவாரணக் கடன் வாங்கியது அவன்தான். ஜி.எஸ்.டி. வேலை என்று சொல்லி அக்காவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறான். வந்த பணம் முழுவதும் முழுகிக்கொண்டிருந்த ஹார்டுவேர் கடையில் போய்விட்டது. பார்வையிட ஆள் வரப்போகிறார் என்று பேங்கிலிருந்து அக்காவுக்குத் தகவல் வந்தபோதுதான் குட்டு உடைந்தது. கடனை அக்காதான் வாங்கினாள் என்று பேங்க் ஆளிடம் சொல்லிவிடும்படி அவள் காலில் விழப் போயிருக்கிறான். அக்கா பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். காட்டிக்கொடுக்கத்தான் போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். ராடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெளியே மேளம். எந்தச் சத்தமும் வெளியே வராது.

சின்னப்பையனை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். அவர் நேராக ஜெபசிங் முன்னால் போய் நின்றார்.

"ரெண்டு வருசமா மூடிக்கெடக்குற பட்டறைக்கு இன்னைக்கு ஏன்டா ஆயிலு?" என்றார். "நேத்து அம்மா போன் பண்ணிச்சு. பேங்க்ல வராங்க, லேத்த ஓட்டிக் காட்டணும், இல்லாங்காட்டி என் தம்பி ஜெயிலுக்குப் பூடுவான்னுச்சு. பழைய சம்பளத்தையும் சேத்துத் தரேன்னுச்சு. உன்னக் காப்பாத்தத்தான்டா என்னைக் கூப்டுச்சு."

"அப்போ ஏன் என்னைத் திட்டினா?" ஜெபசிங்கின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அம்மா எப்பவும் மொதல்ல திட்டும். அப்பாலதான் செய்யும். உனக்குத் தெரியாதா?"

பச்சையம்மா புருஷனின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டாள்.

ஜஹாங்கீருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"உன் கடை ஷட்டரை மறந்துட்ட. ஆனா பட்டறை ஷட்டரை மட்டும் கரெக்டா இறக்கியிருக்க. எல்லாம் பிளான் பண்ணித்தான் போனியா?"

"இல்ல சார். அக்கா சொன்னா... இறக்கினேன்."

ஆன்றோ திரும்பினான். ஷெர்லின் போனபோது அவன் ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்க உள்ளே ஆள் இல்லை. இங்கே ஆள் இருந்தான்.

"அவங்க கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். "நிஜமா."

ஜெபசிங் சொன்னான். மேளம் தெருமுனையில் திரும்பியதும் அக்கா திட்டுவதை நிறுத்தினாளாம். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் கையைக் காட்டிச் சொன்னாளாம்.

"லே ஜெபா, ஷட்டரை இறக்குலே. பொணம் வருது."