பிரிக்காத இரண்டு மடிப்புகள்

அந்தமானின் லாங் ஐலண்டுக்கு ஒரு பார்சல் சீக்கிரம் வந்துவிட்டால் சந்தோஷப்படக் கூடாது. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். போன தீபாவளிக்குச் சங்கவி வரவழைத்த புடவை பொங்கலுக்குத்தான் கரையேறியது. ஆனால் முந்தாநாள் ஆர்டர் போட்ட பழைய ஃபிராக், இன்று அவள் ஆபீஸ் விட்டு வரும்போது வீட்டு கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறை எங்கும் கிழியவில்லை. உள்பக்கம் மட்டும் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

பழந்துணி வாங்குவதில் சங்கவி கன்னிச்சாமி. ஹேவ்லாக் தீவில் டூரிஸ்டுகள் ரிசார்ட்டில் விட்டுப்போகும் உடுப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு விற்கிற ஷீலாதான் அவளை இந்த மலைக்கு ஏற்றிவிட்டவள். அங்கே முதல்முதலாக வாங்கிய பேன்ட்டில் வெள்ளைக்காரியின் கால் நீளம் இருந்தது, சங்கவியின் இடுப்புதான் இல்லை. அதற்கப்புறம் அவள் ஆன்லைனுக்குத் தாவினாள்.

"மூணே விஷயம்க்கா," என்று ஷீலா போனில் சொல்லியிருந்தாள். "வந்ததும் மோந்து பாருங்க. உள்பக்கம் திருப்பித் தையலப் பாருங்க. எதுக்கு விக்கிறீங்கன்னு கேட்டுடுங்க. பஸ், இத்னா ஹி, அவ்ளோதான். மிச்ச பேய் பிசாசெல்லாம் சோப்புத் தண்ணியில போயிடும்."

ஃபிராக் மகள் தமிழரசிக்கு. மஞ்சள் மீன் போட்ட நீலத் துணியில் சங்கவி தன் கையாலேயே தைத்துக் கொடுத்த ஃபிராக்கை அந்த ஏழு வயதுக்காரி உடம்பை விட்டு இறக்குவதில்லை. கழற்றினால்தானே துவைக்க முடியும்? வளர்கிற பிள்ளையாயிற்றே என்று விளிம்பை மூன்று மடிப்பாக உள்ளே மடித்துத் தைத்திருந்தாள், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம். நீல நூல் தீர்ந்து, கப்பலும் வராததால், பச்சை நூல். பாக்கெட் கோணல். அதற்குக் கப்பலைக் குறை சொல்ல முடியாது.

அதே துணியில் ஒரு ஃபிராக்கைப் பேர் தெரியாத ஏதோ ஒரு ஆன்லைன் பக்கத்தில் பார்த்ததும் மாற்று உடுப்பு கிடைத்ததென்று வாங்கிவிட்டாள். போர்ட் பிளேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கிற துணிதானே, வேறு யாரோ ஒரு அம்மாவும் தைத்திருப்பாள்.

"ஏத்தா சங்கவி," பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒச்சம்மா குரல் கொடுத்தாள். "கையில என்ன பார்சலு?"

"பாப்பாவுக்கு ஃபிராக்குக்கா. போட்டுல வந்திருக்கு."

"போட்டுலயா? புயல் காத்துக்குக் கொடி ஏத்துனதுலேருந்து போட்டே கிடையாதேத்தா. ஒம் புருசன் அதனாலதான போர்ட் பிளேர்ல உக்காந்திருக்கான்? போட்டு நிக்கிற ஜெட்டியில காக்கா கூட இல்ல."

சங்கவி சிரித்துவைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. மழை இல்லை, காற்று மட்டும் தகரக் கூரையின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்ப்பதுபோல விடாமல் சுரண்டிக்கொண்டிருக்க, தென்னைகளுக்கு அப்பால் கடல் ஒரே மாதிரி இரைந்துகொண்டிருந்தது. முன்னறையில் தமிழரசி கார்ட்டூன் பார்த்துக்கொண்டே கத்தினாள்.

"அம்மா, காலையிலேயே சொன்னேன்ல? ஃபிராக் குட்டையாயிருச்சு. ஒரு மடிப்பு பிரிச்சு விடும்மா. அப்பா போட்டுல வரும்போது நான் குட்டையா நிக்க மாட்டேன்."

"விடறேன்டி. இரு."

சமையலறையில் உறையைப் பிரித்தாள். மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை இல்லை, அலமாரியில் கிடந்த நெடியும் இல்லை. வற்றிய கரையில் காலையிலிருந்து வெயிலில் கிடக்கும் பாசியின் வாடை, அதற்கு அடியில் மிக மெலிதாக, தமிழரசியின் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை. துணி சொதசொதவென்று ஈரம். பாக்கெட்டில் மணல்.

பாக்கெட் கோணலாக இருந்தது.

உள்பக்கம் திருப்பினாள். பச்சை நூல். இடது கைப்பக்கம் ஒரு முடிச்சு. தையல் தவறியபோது திட்டிக்கொண்டே போட்ட முடிச்சு, அவளுடைய முடிச்சு. உலகத்தில் இவ்வளவு மோசமாகத் தைப்பவள் ஒருத்திதான் உண்டு.

விளிம்பைப் பார்த்தாள். முதல் மடிப்பு பிரிக்கப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கோடு. மற்ற இரண்டு மடிப்பும் அப்படியே இருந்தன. பிரிக்கவே இல்லை. பிரிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

மூன்றாவது விஷயம் பாக்கி இருந்தது. போனை எடுத்து, விற்ற பக்கத்துக்குத் தட்டினாள்: எதுக்குங்க இத விக்கிறீங்க?

பதில் உடனே வந்தது. பாப்பாவுக்கு இனிமே தேவைப்படாது. அம்மாதான் கொடுத்தாங்க.

கணவன் பிரவீன்குமாருக்குப் போன் போட்டாள். சிக்னல் இல்லை. மறுபடியும் போட்டாள். காற்றுதான் கேட்டது. அவன் எடுத்தால்தான் என்ன சொல்வாள்? ஃபிராக் சைஸ் சரியில்லை என்றா? திருப்பி அனுப்பலாமென்றால் யாருக்கு? எந்தப் போட்டில்?

ஈர ஃபிராக்கை அடுப்புத் தீயில் காட்டினாள். உஸ்ஸென்றது. பற்றவில்லை.

அப்போதுதான் தோன்றியது. அவள் பிரித்தால்தானே? தமிழரசி போட்டிருப்பதில் மூன்று மடிப்பும் அப்படியேதான் இருக்கின்றன. அதைக் கழற்றி இப்போதே எரித்துவிட்டால், அந்த முதல் மடிப்பைக் கடைசிவரை பிரிக்காமலே விட்டால், கையிலிருக்கும் இது இதுவாக ஆகவே முடியாது. அவ்வளவுதான். பிள்ளை அழுவாள். அழட்டும். ஊரில் உள்ள எல்லா மீன் போட்ட துணியையும் வாங்கித் தரலாம்.

கத்தரிக்கோலை முதலில் ஒளித்துவைக்கத் தையல் பெட்டியைத் திறந்தாள்.

கத்தரிக்கோல் இல்லை.

கார்ட்டூன் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

"தமிழு?"

காற்று. தகரம். கடல்.

"தமிழு!"

"அம்மா."

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் கத்தரிக்கோல். இன்னொரு கையில் பொடிப் பொடியாகப் பச்சை நூல். ஃபிராக் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு.

"நீ லேட் பண்ணிட்ட. நானே பிரிச்சுட்டேன். சரியா இருக்குல்ல?" மகள் சிரித்தாள். "சீக்கிரம் வாம்மா, ஜெட்டிக்குப் போலாம். அப்பா போட் சத்தம் கேக்குது."

சங்கவி காது கொடுத்தாள். எந்தச் சத்தமும் இல்லை. கையிலிருந்த ஈர ஃபிராக் லேசானதுபோல இருந்தது. குனிந்து பார்த்தாள். இரண்டு கையிலும் ஒன்றுமே இல்லை.

மகளின் ஃபிராக் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

வெளியே மழை இன்னும் தொடங்கவே இல்லை.