எத்தனையாவது பிள்ளை?

கொழும்பின் கொட்டாஞ்சேனை மருத்துவிச்சி மரியகொறற்றி வெள்ளவத்தையில் அந்த வீட்டுப் படியேறியபோது பிற்பகல் மூன்று மணி. 1937ஆம் ஆண்டு வைகாசி மழை கொட்டியது. கடற்கரைப் பக்கத்து வீடு; பகலிலேயே விளக்கேற்றியிருந்தார்கள். அறையெங்கும் காயாத துணியின் வாடை.

அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்த நவரத்தினத்தின் மனைவி பத்மாவதி கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கொறற்றி வழக்கம்போல் கொப்பியை விரித்தாள்.

"எத்தனையாவது பிள்ளை?"

"முதல் பிள்ளைதான் மிஸ்ஸி," என்றாள் மாமியார் சிவக்கொழுந்து. மருமகளுக்கு வாயே இல்லாததுபோல எல்லாக் கேள்விக்கும் அவளே முந்திக்கொண்டாள்.

கொறற்றி எழுதப் போனாள். கட்டிலுக்கடியில் ஒரு பச்சைப்பிள்ளை வீரிட்டு அழுதது.

குனிந்து பார்த்தாள்.

வெறும் சீமெந்துத் தரை.

"ஆருடைய பிள்ளை அழுகுது?"

"இந்த வீட்டில பிள்ளை ஏது?" மாமியார் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பத்மாவதியின் முகமோ வெளிறிவிட்டது. இருபது வருடத் தொழில். வலியில் வெளிறும் முகம் எது, பயத்தில் வெளிறும் முகம் எது என்பது கொறற்றிக்கு அத்துப்படி. "சுடுதண்ணி வேணும் அம்மா, நீங்களே நிண்டு கொதிக்க வையுங்கோ," என்று மாமியாரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அழுகை கிட்ட வந்தது.

இப்போது கட்டிலின் மேல்.

"உங்களுக்கும் கேக்குதோ?" பத்மாவதி கிசுகிசுத்தாள்.

"கேக்குது. சொல்லு பிள்ளை. இவையளுக்கு நான் வாய் திறக்கமாட்டன்."

"கலியாணத்துக்கு முதல்... ஊரில. பொம்பிளைப் பிள்ளை. பிறந்த அண்டைக்கே செத்துப்போச்சுது."

"உனக்கு என்ன நடந்தது?"

"நஞ்சுக்கொடி விழேல்ல. ரத்தம் நிக்கவேயில்லை. செத்துப் பிழைச்சனான். தெரிஞ்சால் என்னை வீட்டை விட்டுக் கலைச்சுப்போடுவினம் மிஸ்ஸி."

கொறற்றி கொப்பியை மூடினாள். ஒருமுறை அப்படிப் போன இரத்தம் மறுமுறையும் போகக்கூடும். முதல் பிள்ளை என்று நம்பி இவளை வீட்டிலேயே வைத்திருந்தால், டொக்டர் வந்து சேருமுன் எல்லாம் முடிந்திருக்கும்.

"பிள்ளை குறுக்க கிடக்குது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேணும்," என்று வாய் கூசாமல் பொய் சொல்லி, பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றினாள். டொக்டர் மட்டும் பார்க்கும் கடிதத் துண்டில் உண்மையை எழுதினாள்: இது இரண்டாவது பிள்ளை, போன தடவை இரத்தம் நிற்கவில்லை.

அன்று மாலை ஆண்பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை, இரத்தம் பீறிட்டது. துண்டைப் படித்த டொக்டர் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக நின்றார். பத்மாவதி பிழைத்தாள். கொறற்றி வராந்தாவில் நின்று வெட்கத்தை விட்டு அழுதாள்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனாள். பத்மாவதி சாய்ந்திருந்து வலப்பக்கத்தில் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இடக்கையும் எதையோ ஏந்தியபடி மடங்கியிருந்தது.

அந்தக் கையில் ஒன்றுமில்லை.

"சத்தம் போடாதேங்கோ மிஸ்ஸி," என்றாள். "இப்பதான் குடிக்கத் தொடங்கினவள்."

இடது முலைக்காம்பு விட்டுவிட்டு இழுபட்டது. பால் சுரந்தது. ஒரு சொட்டும் சேலையில் விழவில்லை.