களியக்காவிளை தாண்டி வந்தவன்

சுசீந்திரம் பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. ஷிபா ஸ்கூட்டரை நிறுத்தி, தன் மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து டூல் பையின் மேல் போர்த்தினாள். தான் நனைந்தாலும் மல்டிமீட்டர் நனையக் கூடாது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஐப்பசி மாதம். பகல் ஒன்றரை மணிதான். ஆனால் வயல்களுக்கு மேலே வானம் அந்தி போலக் கறுத்துக் கிடந்தது.

நாகர்கோவிலில் சொந்தமாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்து நான்கு வருடமாகிறது. வீட்டுக்குப் போய் வேலை செய்வது அவள் வழக்கமில்லை. அன்று காலையில் போனில் பேசிய பெரியவரின் குரல்தான் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

வயலின் ஓரத்தில், கால்வாயை ஒட்டித் தனியாக நின்றது அந்த ஓட்டு வீடு. பச்சைக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நாராயணபெருமாள் குடைகூட இல்லாமல் நனைந்துகொண்டிருந்தார். பத்திர ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"வந்தியா மக்கா? மூணு மணிக்குள்ள சரியாயிருமா?"

"என்ன ஆச்சுன்னு பாக்கணும் சார்."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடிச்சு. இன்னைக்குக் காலைல அமுக்குனா ஒரு அனக்கமும் இல்ல."

ஷிபா மழைக்கோட்டை ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். முன்னறையில் சாப்பாட்டு மேசைமேல் கறுப்பு லேப்டாப் திறந்தபடி இருந்தது. எதிரில் ஒரே ஒரு நாற்காலி. அறை முழுக்க ஈர வாடை. மழையின் வாடை அல்ல. மீன் இறக்கிய படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும் தண்ணீரின் வாடை. வயல்காட்டு வீட்டில் அது எப்படி வந்தது என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு வேலையில் இறங்கினாள்.

அடாப்டரில் விளக்கு எரிந்தது. மீட்டரை வைத்தாள், பத்தொன்பது வோல்ட் சரியாக இருந்தது. லேப்டாப்பில் மட்டும் உயிர் இல்லை. பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது வினாடி அமுக்கிப் பிடித்து, அடாப்டரை மட்டும் சொருகிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

கீபோர்டைத் தூக்கியபோது காரணம் தெரிந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. முகர்ந்தாள். கஞ்சித்தண்ணீர்.

நாராயணபெருமாள் கேட்டடிக்குப் போய்விட்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரோட்டைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி நாகம்மை காப்பி டம்ளரோடு வந்தாள். மேசையில் வைத்தவள் ஷிபாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"மக்கா, ஆகாதுன்னு சொல்லிரு."

"என்னம்மா?"

"நான்தான் ஊத்துனேன். ராத்திரி அவரு ஒறங்குனப்பறம். இத சரியாக்காத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அடுத்த சில நிமிடங்களில், வாசலை ஒரு கண்ணால் பார்த்தபடி, நாகம்மை கிசுகிசுவென்று சொல்லி முடித்தாள். ஒரே மகன் சிவபிரசாத். கல்ஃபில் கடலுக்குள் இருக்கிற எண்ணெய்க் கிணற்றில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புயல் ராத்திரியில் தண்ணீரில் விழுந்துவிட்டான். உடம்பு கிடைக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் கடிதம் அனுப்பினார்கள். அப்பா அதைப் படிக்கவே இல்லை. உடம்பு கிடைக்காதவன் செத்தவன் என்று யார் சொன்னது என்று கேட்டார்.

போன வாரம், பகல் மூன்று மணிக்கு, லேப்டாப்பில் வீடியோ கால் வந்தது. அவன் எப்போதும் கூப்பிடுகிற நேரம்.

"பேச மாட்டான் மக்கா. சும்மா பாத்துக்கிட்டு இருப்பான். தலையில இருந்து வெள்ளம் சொட்டும். மொத நாளு அவனுக்குப் பின்னால ஒரே நீலம், வேற ஒண்ணுமே இல்ல. மறுநாளு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டு. திங்கக்கெழம கேரளா பார்டர்ல களியக்காவிளை செக்போஸ்ட்டு, லாரியெல்லாம் தெரிஞ்சுது. செவ்வா தக்கலை. புதன் நாகர்கோவில். நேத்து..."

நாகம்மை ஷிபாவின் மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள்.

"நேத்து நம்ம சுசீந்திரம் தெப்பக்குளம்."

ஷிபாவுக்கு முதுகு சிலிர்த்தது. ஆனால் பத்து வருடமாக மெஷின்களைத் திறந்து பார்த்தவள் அவள். பழைய வீடியோ ஏதாவது ஓடியிருக்கும், துக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் அதைப் பார்த்து ஏதேதோ நினைத்துக்கொண்டார்கள் என்று எண்ணினாள்.

"உங்க பிள்ளைதானேம்மா? வந்தா நல்லதுதானே?"

"பெத்தவளுக்குத் தெரியும் மக்கா. மொகம் அவனுக்க மொகம்தான். வாறது அவன் இல்ல."

கேட் கிரீச்சிட்டது. நாகம்மை டம்ளரைக்கூட எடுக்காமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அப்போதே ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பொய்தான், போர்டு வெந்துவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நனைந்த தலையோடு எதிரில் வந்து நின்ற அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. ஓட வைத்துக் காட்டினால் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும், அந்த அம்மாவின் பயமும் தெளிந்துவிடும் என்று நினைத்தாள். நல்ல எண்ணத்தில்தான் நினைத்தாள்.

ஸ்பிரிட்டைத் தொட்டுப் பிரஷ்ஷால் போர்டைத் துடைத்தாள். ஹேர் டிரையரால் காய வைத்தாள். மெமரியைக் கழற்றி, அழிரப்பரால் அதன் முனையைத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினாள். பவர் பட்டனை அமுக்கினாள். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி அமுக்கினாள். நின்றது. உள்ளே எங்கோ இன்னும் ஈரம்.

மணி மூன்று அடித்தது.

அவள் கை பட்டனில் இல்லை. அடாப்டரைக்கூட மீட்டர் வைப்பதற்காக உருவி வைத்திருந்தாள். பேட்டரி டூல் பைக்குள் கிடந்தது.

விசிறி சுற்றத் தொடங்கியது.

திரை நீலமாக ஒளிர்ந்தது. இன்டர்நெட்டுக்கான டேட்டா கார்டு மேசைமேல் சொருகாமல் கிடக்க, லேப்டாப்பில் வீடியோ காலின் மணி அடித்தது.

"வந்துட்டான்!" நாராயணபெருமாள் நாற்காலியில் விழாத குறையாக உட்கார்ந்தார்.

ஒரு முகம். இருபத்தெட்டு வயது இருக்கும். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து தண்ணீர் வடிந்து கண்ணுக்குள்ளேயே இறங்கியது. கண் இமைக்கவில்லை. ஷிபா அந்த முகத்துக்குப் பின்னால் தெரிந்ததைப் பார்த்தாள்.

பச்சைக் கேட். மழை.

ஒரு ஸ்கூட்டர். அதன் கண்ணாடியில் மஞ்சள் மழைக்கோட்டு.

கதவு தட்டப்பட்டது.

பெரியவர் எழுந்தார். அதற்குள் அடுக்களையிலிருந்து ஓடிவந்த நாகம்மை கதவில் முதுகைச் சாய்த்துத் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தெறக்காதிய! உங்க காலப் பிடிக்கேன், தெறக்காதிய!"

"ஏட்டி, தள்ளு. எம் பிள்ளைய மழையில நிப்பாட்டவா?"

மறுபடி தட்டல். மெதுவாக, பொறுமையாக. பிறகு, இத்தனை நாளில் முதன்முறையாக, அது பேசியது.

"அம்மா. குளிருது."

நாகம்மையின் முகம் கோணியது. ஷிபா "அம்மா, வேண்டாம்" என்றாள். அந்தச் சொல் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. லேப்டாப்பில் கஞ்சியை ஊற்றியவள், கணவனின் காலைப் பிடித்துக் கெஞ்சியவள், தன் கையாலேயே தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெளியே யாரும் இல்லை.

முற்றத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் நின்றது. கேட் மூடியிருந்தது. மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஷிபா மூச்சை விட்டாள். எதற்கென்று தெரியாமல் மேசைப் பக்கம் திரும்பினாள்.

திரையில் அந்த முகம் அப்படியே இருந்தது. பின்னால் இருந்ததுதான் மாறியிருந்தது.

திறந்த கதவு. வாசலில் வெளியே பார்த்தபடி நிற்கும் இரண்டு முதுகுகள். நடுவில் திரும்பி நின்று பார்க்கும் ஒரு பெண்.

ஷிபாவின் காலடித் தரையில் ஈரக்கால் தடங்கள் இருந்தன. எல்லாமே உள்ளே போகிற தடங்கள்.

அவள் பையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். பிறகும் அந்தப் பக்கம் போகவில்லை. எட்டாம் நாள் பையைச் சுத்தம் செய்தபோதுதான் அந்த லேப்டாப்பின் பேட்டரி கண்ணில் பட்டது. அவர்களுடைய பொருள். மனம் கேட்காமல் போன் செய்தாள்.

நாகம்மைதான் எடுத்தாள். குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

"பேட்டரியா? அது இனி எதுக்கு மக்கா? பிள்ளதான் வீட்டுல இருக்கானே."

"சார் எப்படிம்மா இருக்காரு?"

"படுத்தே கெடக்காரு. குளிருதுன்னு சொல்லுகாரு. எனக்கும் குளிருது, கேட்டியா."

"அம்மா, நீங்க முதல்ல வெளிய வாங்க. பக்கத்துல யாரையாவது கூப்பிடுங்க."

தாழ்ப்பாளை ஆட்டும் சத்தம் கேட்டது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில்:

"தெறக்க முடியல்ல மக்கா. வெளிய எல்லாம் வெள்ளம்."

ஷிபா கடைக்கு வெளியே பார்த்தாள். மழை விட்டு நாலு நாளாகிறது. ரோடு முழுக்க வெயில் காய்ந்தது.

அரை மணியில் அவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டியும் கூப்பிட்டும் அனக்கம் இல்லை. பக்கத்து வயலில் நின்ற சுடலையாண்டி என்பவரைக் கூட்டிவந்து, இருவருமாகக் கதவைத் தள்ளி உடைத்தார்கள்.

முன்னறை, படுக்கையறை, அடுக்களை, எங்கும் ஆள் இல்லை. பின்கதவும் உள்ளேதான் பூட்டியிருந்தது. தரை சுக்காகக் காய்ந்திருந்தது. ஆனால் நாலு சுவரிலும், ஆள் உயரத்துக்கும் ஒரு முழம் மேலே, தண்ணீர் நின்று வடிந்த கோடு. சுடலையாண்டி அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு," என்றார். "வயக்காட்டுக்குள்ள கடல் வெள்ளம் எப்பிடி அம்மா வந்துச்சு?"

ஷிபா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரி இல்லாத, வயர் சொருகாத அந்த லேப்டாப் மூடியிருந்தது. அதன் விளிம்பில் ஒரு சின்ன நீல விளக்கு மெல்லக் கூடி, மெல்லக் குறைந்து, மறுபடி கூடியது. அது எதற்கு எரியும் என்று தொழில் தெரிந்த யாருக்கும் தெரியும். அணைந்துவிட்டது என்பதற்கு அல்ல. உறங்குகிறது என்பதற்கு.

"இதத் தெறந்து பாத்தா எங்க போனாவன்னு ஏதாவது தெரியுமா?" சுடலையாண்டி மூடியின்மேல் கையை வைத்தார்.

ஷிபா அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மூடிய லேப்டாப்புக்குள்ளிருந்து மணி அடிக்கத் தொடங்கியது.