இரண்டு தட்டு

ஜூலை வெயிலில் அரபு நாட்டுப் புஜைரா வெந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு மூடும் ஒர்க்‌ஷாப்பை இனி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். எல்லோரும் ரூமுக்குத் தூங்கப் போய்விட, மெக்கானிக் வைரவன் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வருஷமாக அவனுக்குத் தூக்கம் ஏது?

அப்போதுதான் அந்த வெள்ளை பிக்கப் வந்து நின்றது.

பார்த்ததுமே அவனுக்கு அடையாளம் தெரிந்தது. முன்பக்கம் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். என்ன அடித்து என்ன? பின்கதவில் அவனே வெல்டு வைத்த தழும்பு அப்படியே இருந்தது. அது கார்மேகம் ஓட்டிய வண்டி. கார்மேகம் செத்த வண்டி.

ஓட்டிவந்தவன் யோகநாதன், யாழ்ப்பாணத்துக்காரன். "அண்ணை, எங்கட கம்பெனி இதைப் பழசா வாங்கினது. ஆக்சிலேட்டரை மிதிச்சால் ஒருக்கா மூச்சடைச்சு நிண்டுட்டுத்தான் பாயுது" என்றான்.

"எல்லா எடத்துலயுமா?"

"இல்லை அண்ணை. குவாரி மண்ரோட்டில இருந்து பெரிய ரோட்டில ஏறேக்க மட்டுந்தான்."

வைரவன் கையிலிருந்த ஸ்பானர் தரையில் விழுந்தது.

கார்மேகமும் அவனும் மானாமதுரைப் பக்கம் ஒரே ஊர்; இங்கே ஒரே ரூம், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வண்டியை எடுக்கும்முன் டேஷ்போர்டில் இரண்டு தட்டு தட்டி, "கெளம்புடா தங்கம்" என்பான் கார்மேகம். போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, வண்டி திணறுகிறது என்று வந்தான். மிதித்ததும் கூடுதலாக ஒரு வாய் பெட்ரோலைப் பீய்ச்சுவதற்கு கார்புரேட்டருக்குள் சின்ன ரப்பர் வட்டு ஒன்று உண்டு. அது கிழிந்திருந்தது. கடையில் புது வட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மாட்டப்போன நேரம் கஃபீலின் மகன் அதே மாடல் வண்டியோடு, அதே கோளாறோடு வந்து "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினான். விசா கொடுத்த வீட்டுப் பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல முடியுமா? புது வட்டு அந்த வண்டிக்குப் போனது. கார்மேகத்தின் வண்டிக்குப் பழைய டியூபிலிருந்து சிவப்பு ரப்பரை வட்டமாக வெட்டி மாட்டினான் வைரவன். துபாய் தேராவிலிருந்து சாமான் சனிக்கிழமை வந்துவிடும், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கார்மேகத்திடம் மூச்சுவிடவில்லை. பெட்ரோல் பட்டால் டியூப் ரப்பர் ஊறிப்போகும் என்பது அவனுக்குத் தெரியாதா, பாவி!

மறுநாள் வெள்ளிக்கிழமை, குவாரி மண்ரோட்டிலிருந்து பெரிய ரோட்டில் ஏறும்போது பிக்கப் திணறி நடுவில் நின்றது. சிமென்ட் லாரி வந்த வேகத்தில் மோதியது.

குடித்திருப்பான் என்று கேம்ப்பில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சு ஊர்வரைக்கும் போய், கார்மேகத்தின் மனைவி சரசுவைத் தலை நிமிரவிடாமல் செய்தது. சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன் கார்மேகம். உண்மை தெரிந்தவன் வைரவன் ஒருத்தன்தான். ஜெயிலுக்குப் பயந்து அவன் வாயைத் திறக்கவே இல்லை.

இப்போது பிளக்கைப் பார்த்தான், பாயிண்ட்டைப் பார்த்தான், பில்டரைக் கழற்றி ஊதினான். எல்லாம் சரி. கார்புரேட்டரைத் திறந்தான். நல்ல கறுப்பு வட்டுதான் இருந்தது. மூடிவிட்டு ஆக்சிலேட்டரை இழுத்துப் பார்த்தான். பெட்ரோல் நேராகப் பீய்ச்சியது. இனி அந்த இடத்துக்கே போய் ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி. யோகநாதனை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினான்.

மண்ரோட்டின் முனையில் நிறுத்தினான். பெரிய ரோட்டில் இரண்டு பக்கமும் ஈ காக்காய் இல்லை. திறந்த ஜன்னல் வழியாக அனல் அடித்தது. அந்த அனலோடு கோடாலித் தைல வாசனை வந்தது. வெயில் காலம் முழுக்கத் தலைவலி என்று கார்மேகம் நெற்றியில் தேய்த்துக்கொள்வது அதைத்தான்.

மிதித்தான்.

வண்டி திணறியது.

டொக். டொக்.

டேஷ்போர்டில் இரண்டு தட்டு.

வைரவனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

இறங்கிப் பானட்டைத் தூக்கி, கை சுடச்சுட, கார்புரேட்டரின் ஸ்க்ரூக்களைக் கழற்றினான். அரை மணி நேரத்துக்கு முன் கண்ணால் பார்த்த கறுப்பு வட்டு உள்ளே இல்லை.

சிவப்பு ரப்பர் இருந்தது. ஊறி உப்பியிருந்தது. அவன் கத்தரி கோணலாக வெட்டிய ஓரம் அப்படியே தெரிந்தது.

"கார்மேகம்..." மணலில் உட்கார்ந்து கதறினான். "சரசுகிட்ட சொல்லிர்றேன்டா. சத்தியமா சொல்லிர்றேன்."

மூடி, ஸ்டார்ட் செய்து மிதித்தான். வண்டி திணறாமல் பாய்ந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு வந்து மறுபடி திறந்தபோது கறுப்பு வட்டுதான் இருந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை ரூமில் யாரும் இல்லாத நேரம் கதவைத் தாழிட்டான். சத்தம் பதியக் கூடாது என்று ஏசியை நிறுத்திவிட்டு டேப்ரிக்கார்டரை எடுத்தான். ஊருக்குக் கடிதம் எழுத வராதவர்கள் எல்லாம் அப்படித்தான் கேசட்டில் பேசி, லீவில் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். புது வட்டையும் சிவப்பு ரப்பரையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னான். எத்தனையோ தடவை பேச்சு நின்றது; டேப் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எப்படியோ கடைசிவரை வந்துவிட்டான்.

"அவன் குடிக்கலம்மா. இதை ஊர்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டு. எம்பேரு கெட்டா கெட்டுப்போகட்டும்."

நாற்பது நாள் கழித்துச் சரசுவின் கடிதம் வந்தது. வைரவன் கட்டிலில் தனியாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அண்ணே, கேசட்டை மைக்செட்டுக்காரர்கிட்டக் குடுத்து ஊருக்கே கேக்க வச்சேன். இப்பத்தான் தலை நிமிந்து நடக்குறேன். ஆனா உங்களை மன்னிக்க என்னால முடியல. முடிஞ்சதுன்னு பொய் எழுதவும் மனசு வரல. ஒண்ணு மட்டும் கேக்கணும். நீங்க பேச முடியாம நிறுத்துற எடத்துல எல்லாம் பக்கத்துல யாரோ ரெண்டு தட்டு தட்டுறாங்க. ஒடனே நீங்க பேசுறீங்க. அதைக் கேட்டதும் சின்னவ அப்பான்னு எந்திரிச்சு வாசலுக்கு ஓடுனா. பொட்டியில வந்தது வெறும் ஒடம்புதான் போல. அவரு அங்கதான் இருந்தாருன்னா வீட்டுக்கு வரச் சொல்லுங்கண்ணே. புள்ளைக தேடுதுக."

வைரவன் கடிதத்தை மடித்தான். ஊருக்குப் போடா கார்மேகம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "ஊருக்கு..." என்பதோடு நின்றுவிட்டான்.

ஆளில்லாத பக்கத்துக் கட்டிலின் கம்பியில் இரண்டு தட்டு கேட்டது.