சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்

ஈப்போவின் சிலிபினில் ஆசியா குடியிருந்த லோரோங், அந்தச் சின்னச் சந்து, மிகவும் அமைதியானது. எட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் சமையலறைப் பக்கம் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள்.

அதனால் அந்த வரிசையில் யாருக்கும் ரகசியம் என்று ஒன்று கிடையாது. சன்னாசி குடிவரும் வரைக்கும்.

சன்னாசி ஒரு சனிக்கிழமை சின்ன லாரியில் வந்து இறங்கினார். தனி ஆள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அப்புறம், கோணிச் சாக்கு போர்த்திய உயரமான ஏதோ ஒன்று. அதை மட்டும் அவர் லாரிக்காரரைத் தொட விடவில்லை. இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது.

மறுநாள் காலையில் டொக், டொக் என்று சுத்தியல் சத்தம். ஆசியா சமையலறைக்கு ஓடினாள். சுவருக்கு மேலே இருந்த இடைவெளியைச் சன்னாசி பலகை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருசத்துல யாரும் இத அடைச்சதில்ல" என்றார் ஆசியாவின் அம்மா குல்ஜார் பேகம். "அப்படி என்னாத்த மறைக்கிறாரு?"

அன்றிலிருந்து அந்த வீட்டின் சன்னல்கள் திறக்கவே இல்லை. ஈப்போ வெயிலில், தகரமே உருகும் சூட்டில், ஒருவர் சன்னலை மூடிக்கொண்டு இருப்பாரா?

"அதான்லா நானும் கேக்குறேன்" என்றார் பத்துமலை. அவர் சன்னாசிக்கு மறுபக்கத்து வீட்டுக்காரர். எதையும் முதலில் சந்தேகப்படுவது அவருடைய பழக்கம். ஒருமுறை தன் சைக்கிளைக் காணோம் என்று எட்டு வீட்டையும் சந்தேகப்பட்டார். கடைசியில் அவரே அதைக் கடைவாசலில் மறந்துவிட்டு நடந்து வந்திருந்தார்.

ஆசியா அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பா அப்துல் ஹலீம் சாலையோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவரும் ஒரு செய்தி கொண்டுவந்தார். "தெனமும் என் கடைக்கு வாராரு. வாழப்பழம், பப்பாளிதான் கேக்குறாரு. தனக்குன்னு ரொட்டி ஒண்ணு. பழமெல்லாம் யாருக்குன்னு தெரியல."

"தனி ஆளுக்கு எதுக்கு பாய் அவ்வளவு பழம்?" என்று கண்ணை உருட்டினார் பத்துமலை.

அடுத்த வாரம்தான் அந்தக் குரல் கேட்டது.

ஆசியா பள்ளி விட்டு வந்து சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது.

"அக்கா! கதவத் தொற! அக்கா!"

ஆசியாவின் கையில் இருந்த சோறு தட்டிலேயே விழுந்தது. சன்னாசி வேலைக்குப் போயிருந்தார். வாசலில் பூட்டுத் தொங்கியது. உள்ளே யார்?

"அம்மா! பக்கத்து வீட்ல ஒரு சின்னப் புள்ள கூப்புடுது!"

"ரேடியோவா இருக்கும்" என்றார் அம்மா. அவர் சொல்லி முடிப்பதற்குள் குரல் மறுபடியும் வந்தது. "அக்கா! கதவத் தொற!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

செய்தி எட்டு வீட்டுக்கும் பரவியது. அந்த நாள்களில் ஊரில் ஒரு வதந்தி இருந்தது. எங்கேயோ பெரிய பாலம் கட்டுகிறார்களாம், அதற்காகப் பிள்ளைகளைப் பிடிக்க ஆள் வருகிறார்களாம். அப்படி ஒரு ஆளை யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லாரும் பேசினார்கள்.

"நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றார் பத்துமலை. "அந்தச் சாக்கு! அதுக்குள்ள என்னா இருந்துச்சுன்னு யாராச்சும் பாத்தீங்களா? சாயங்காலம் ஆளு வரட்டும். கேக்குற விதத்துல கேப்போம். கதவத் தொறக்கலன்னா ஒடைப்போம்."

ஆசியா சமையலறைக்குப் போய் முக்காலியில் ஏறி நின்றாள். பலகைக்குக் கீழே வாயை வைத்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏய், பயப்படாத. உன் பேரு என்னா?"

"அக்கா! கதவத் தொற!"

"சாவி எங்கிட்ட இல்ல. உனக்குப் பசிக்குதா?"

"அக்கா! கதவத் தொற!"

ஆசியா யோசித்தாள். இந்தக் குரலில் அழுகை இல்லை. பயம் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, ஒரே இழுப்பு. பசிக்கிறதா என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாதா?

"நான் ஆசியா. பக்கத்து வீடு" என்றாள்.

உடனே அந்தப் பக்கத்திலிருந்து அதட்டலாக ஒரு குரல் வந்தது.

"ஆசியா! பூனைய வெளிய போடு!"

ஆசியா முக்காலியிலிருந்து விழப் பார்த்தாள். அது அவளுடைய அம்மாவின் குரல்! அவர்கள் பூனை சமையலறைக்குள் வரும்போதெல்லாம் அம்மா போடும் அதே சத்தம், அதே கடைசி இழுப்பு. ஆனால் அம்மா முன்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். ஆமாம், வாயில் துணிக் கவ்வியோடு அம்மா அங்கேதான் நின்றார்.

ஒரு அம்மா இங்கே. இன்னோர் அம்மா சுவருக்குள்ளே.

ஆசியா முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பழைய டவுனில் ஒரு சீனர் காப்பிக் கடையில் அத்தாவோடு காப்பி குடித்தது நினைவுக்கு வந்தது. அங்கே கூண்டில் ஒரு கறுப்பு மைனா, வருகிறவர்களுக்கெல்லாம் கண்டனீஸ் என்ற சீன மொழியில் வணக்கம் சொல்லும். முதலாளி மாதிரியே தொண்டையைச் செருமும். அதன் தட்டில் கிடந்தது பப்பாளித் துண்டு.

அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் சன்னாசி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பத்துமலையின் கையில் ஒரு கம்பு இருந்தது.

"மாமா, கொஞ்சம் இருங்க" என்று ஆசியா முன்னால் வந்தாள். "நான் கேக்குறேன்."

"நீ சின்னப் புள்ள. ஒதுங்கு."

"சின்னப் புள்ள கேட்டா அவரு பயப்பட மாட்டாருல்ல மாமா?"

ஆசியாவின் அத்தா, "கேக்கட்டும், விடுங்க" என்றார்.

ஆசியா கதவைத் தட்டினாள். "மாமா, நான் பக்கத்து வீட்டு ஆசியா. உங்க மைனாவப் பாக்கலாமா?"

உள்ளே காலடிச் சத்தம் நின்றது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. கதவு கொஞ்சமாகத் திறந்தது. சன்னாசி எட்டிப் பார்த்தார். கூட்டத்தையும் பத்துமலையின் கம்பையும் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டார்.

"மைனாவே சொல்லுச்சு. எங்க அம்மா மாதிரியே என்னைத் திட்டுச்சு."

சன்னாசி ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு, அந்தத் தெருவுக்கு வந்த பிறகு முதல்முறையாக, சிரித்தார். கதவை முழுதாகத் திறந்தார்.

உள்ளே ஒரு மூலையில் உயரமான மூங்கில் கூண்டு. அதில் பளபளவென்று ஒரு கறுப்பு மைனா. வாலில் பாதி இறகைக் காணோம். கூட்டத்தைப் பார்த்ததும் அது கத்தியது. "அக்கா! கதவத் தொற!"

மங்களம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பத்துமலையின் மனைவி. பத்துமலை கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அது என் சின்ன மக பாப்பாவோட குரலு" என்றார் சன்னாசி. "நாங்க ஆயர் தாவார் பக்கம் தோட்டத்துல இருந்தோம். எண்ணெய்ச் செம்பனை நடுறதுக்கு ரப்பர் பால்மரத்த எல்லாம் சாய்ச்சாங்க. அப்ப கூட்டுலேருந்து விழுந்து கெடந்துச்சு இது. பாப்பாதான் ஊட்டி வளத்தா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசல்ல நின்னு அவ அக்காவக் கூப்புடுவா. இதுவும் கத்துக்கிச்சு. தோட்டத்து மேஸ்திரி மாதிரி எந்நேரமும் அதட்டுதுன்னு கங்காணின்னு பேரு வச்சோம். எனக்கு இங்க இரும்புப் பட்டறையில வேல கெடச்சிச்சு. புள்ளைங்க பரீட்ச முடிச்சு வருச கடைசியிலதான் வருவாங்க. அதுவரைக்கும் அவ குரலாச்சும் கூட இருக்கட்டும்னு..."

அவர் கூண்டின் மூங்கிலைத் தடவினார்.

"அதுக்கு ஏன் மாமா எல்லாத்தையும் அடைச்சு வச்சீங்க?" என்று கேட்டாள் ஆசியா.

"வந்த அன்னைக்கே ஒரு பெரிய மஞ்சப் பூனை அந்தச் சுவத்து மேல ஏறி வந்து வாலப் புடிச்சு இழுத்துருச்சு. நீங்க எல்லாரும் என்னைய மொறச்சுப் பாத்தீங்க. யாரும் ஒரு வார்த்த பேசல. பூனைய வேணும்னே உடுறீங்களோன்னு நான் சந்தேகப்பட்டேன்."

எல்லாரும் ஆசியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் பூனை அந்த வரிசையில் ஒன்றுதான். அதன் பெயர் துவான். அது ஆசியாவின் பூனை. அந்த நேரம் பார்த்து அது வாசலில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் தெரியாததுபோல் காலை நக்கிக்கொண்டிருந்தது.

ஆசியாவுக்கு முகம் சிவந்தது. "மன்னிச்சிருங்க மாமா. அது வராம நான் பாத்துக்கிறேன்."

"எப்படிப் பாத்துக்குவ?" என்றார் பத்துமலை. "பூனைக்கு யாருலா மணி கட்டுறது?"

"நான்தான் மாமா."

மங்களம் அக்கா வீட்டுக்குப் போய்ப் பழைய சலங்கையிலிருந்து ஒரு மணியைக் கழற்றிக் கொண்டுவந்தார். அம்மா சிவப்பு நாடா கொடுத்தார். துவான் இரண்டு தடவை பிறாண்டியது. ஆசியா விடவில்லை. கட்டி முடித்ததும் அது ஓர் அடி வைத்தது. கிணிங். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் கிணிங். கோபத்தோடு கூரைமேல் ஏறியது. எங்கே போனாலும் கிணிங், கிணிங் என்று எட்டு வீட்டுக்கும் கேட்டது.

"நீங்க பட்டறைக்குப் போற நேரம் கங்காணி எங்க வீட்ல இருக்கட்டும் மாமா" என்றாள் ஆசியா. "அம்மா பாத்துக்குவாங்க. துவான் வந்தா மணிச் சத்தம் கேக்கும். விரட்டிருவோம்."

சன்னாசி போய் முன்பக்கத்துச் சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். சாயங்காலக் காற்று உள்ளே வந்தது. மைனா இறகை உதறிக்கொண்டது.

அம்மா ஒரு தட்டில் பசியாற மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தார். "தெனமும் ரொட்டியே சாப்புட்டா என்னாத்துக்கு ஆவுறது? சாப்புடுங்கண்ணே."

எல்லாரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். பத்துமலை மட்டும் ஓசைப்படாமல் கம்பைத் தன் வீட்டில் வைத்துவிட்டு, உரித்த வாழைப்பழத்தோடு திரும்பி வந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"எங்க, சொல்லு பாப்போம். பத்து-மலை. பத்து-மலை நல்லவரு."

மைனா பழத்தைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. கழுத்தைச் சாய்த்து, மறுபடியும் சந்தேகத்தோடு அவரையே பார்த்தது.